சுருக்கமுறைத் தீர்ப்புக்கு அப்பீல்: ஈ-கோர்ட்ஸ் ஆப்பும் இலவச சட்ட உதவியும் எதுவரை கைகொடுக்கும்?

ராமநாதபுரம் கடற்கரையில் தொழில் பணம் பெரும்பாலும் புரோநோட்டில்தான் ஓடுகிறது. இன்ஜின் மாற்றவோ வலை எடுக்கவோ படகை மராமத்து பார்க்கவோ மீன் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கினால், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கணக்கு முறிந்ததும் அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகும். சாதாரண அசல் வழக்காகப் போனால் எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 37-ன் கீழ் சுருக்கமுறை வழக்காகப் போனால் கதை வேறு. எதிர்வாதம் செய்வதற்கே பிரதிவாதி கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் சாட்சிக் கூண்டையே பார்க்காமல் தீர்ப்பு வந்துவிடும்.

அப்படித் தீர்ப்பான ஒருவருக்குக் காசில்லாமல் கிடைக்கும் சேவைகள் இரண்டு. ஒன்று, ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற கைபேசி ஆப். மற்றொன்று, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அதன் வட்டக் குழுக்களும் தரும் இலவச சட்ட உதவி. இந்த ஒரே வேலைக்கு, அதாவது கீழ்க்கோர்ட்டின் சுருக்கமுறைத் தீர்ப்பை மேலே கொண்டுபோவதற்கு, இரண்டும் எவ்வளவு பயன்படும் என்பதே இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஆப்புக்கு 5-க்கு 4 கொடுக்கலாம். கெடு எண்ண அதை நம்பினால் அப்பீலே போய்விடும். சட்ட உதவிக்கு முதல் வாரத்தில் போனவருக்கு அது முழு வக்கீல் சேவை. 30 நாள் கெடுவில் 28-ஆம் நாள் போனவருக்கு அதால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

முதலில் ஆப். சம்மனிலோ பழைய உத்தரவிலோ எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண், அதாவது அந்த வழக்குக்கே உரிய அடையாள எண், இருக்கும். அதைத் தட்டினால் வழக்கு முழுவதும் திறக்கும். எண் கையில் இல்லையென்றால் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து கட்சிக்காரர் பெயரில் தேடலாம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, ராமேஸ்வரம் என்று வளாகங்கள் தனித்தனி. தவறான வளாகத்தில் தேடினால் வழக்கே இல்லை என்று வரும். உடனே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பெயரையும் ஆங்கிலத்தில் கோர்ட் எப்படிப் பதிந்ததோ அப்படிப் போட வேண்டும். முனியசாமி, சேசுராஜ், செய்யது என்ற பெயர்களை எழுத்தர் எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். முழுப் பெயரைப் போடாமல் முதல் மூன்று நான்கு எழுத்தோடு தேடுங்கள். வருடத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். முடிந்த வழக்குகளையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள், நடப்பு வழக்கில் மட்டும் தேடினால் தீர்ப்பான வழக்கு வராது.

வழக்கு திறந்ததும் கீழே வாய்தா வரலாறு இருக்கும். ஒவ்வொரு வாய்தா தேதியையும் தட்டினால் அன்று நடந்தது ஒன்றிரண்டு வரியில் வரும். அப்பீலுக்கு இந்தப் பகுதியே உயிர். கட்டளை 37-ல் இரண்டு கெடுக்கள் உண்டு. வழக்கின் சம்மன் சார்பான, அதாவது கையில் சேர்க்கப்பட்ட, நாளிலிருந்து 10 நாளுக்குள் பிரதிவாதி ஆஜராகி, தனக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியையும் கொடுக்க வேண்டும். பிறகு வாதி, தீர்ப்புக்கான சம்மன் என்று இரண்டாவது ஒன்றை அனுப்புவார். அது கிடைத்த 10 நாளுக்குள், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டுப் பிரமாண வாக்குமூலத்தோடு மனுப் போட வேண்டும். முதல் கெடு தவறியதா, இரண்டாவது தவறியதா, இரண்டும் சரியாக இருந்து மனு தள்ளுபடியானதா என்பதைப் பொறுத்துப் பரிகாரமே மாறும். அதை உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்ள ஆப் உதவுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போய் வழக்குக் கட்டைப் பார்க்க மனுப் போடாமல் இவ்வளவும் தெரிவது பெரிய விஷயம்.

தீர்ப்பு ஏற்றப்பட்டிருந்தால் ஆப்பிலேயே இறக்கி வாசிக்கலாம். வக்கீலிடம் காட்ட அது போதும். அப்பீலோடு தாக்கல் செய்ய உதவாது, அதற்குக் கோர்ட் முத்திரையிட்ட சான்று நகல் வேண்டும். தீர்ப்பு ஏற்றப்படும் வரை காத்திருந்துவிட்டுப் பிறகு நகல் மனுப் போடலாம் என்று நினைப்பதுதான் இந்த ஆப்பை வைத்துச் செய்யும் மிகப் பெரிய பிழை. தீர்ப்பு சொன்ன நாளிலிருந்து கெடு ஓடுகிறது. ஆப்பில் ஏறிய நாளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. தீர்ப்பின் முடிவைத் தனித் தாளாக எழுதும் தீர்ப்பாணை (டிகிரி) பிறகு தயாரானாலும் அதில் தீர்ப்பு நாளே தேதியாக இருக்கும்.

மாவட்டக் கோர்ட்டுக்கோ சார்பு நீதிமன்றத்துக்கோ போகும் அப்பீலுக்கு 30 நாள். உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு 90 நாள். காலவரையறைச் சட்டம் 1963-ன் 116-ஆம் இனம் இதைச் சொல்கிறது. முன்சீப் கோர்ட் தீர்ப்பு மாவட்டத்துக்குள்ளேயே மேலே போகும். சார்பு நீதிமன்றத் தீர்ப்பு, வழக்கின் மதிப்பைப் பார்த்து மாவட்டக் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ போகும். எங்கே என்று உறுதியாகத் தெரியாதவரை 30 நாள் என்றே வைத்து ஓடுங்கள். ‘ஹைகோர்ட்தான், 90 நாள் இருக்கு’ என்று சொன்னவரின் பேச்சைக் கேட்டுவிட்டு, மாவட்டக் கோர்ட்டில் தாமத மனுவோடு நிற்பது பரிதாபமான நிலை.

இந்த 30 நாளில் நகல் வாங்கச் செலவான நாட்களைக் கழித்துக்கொள்ள அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எந்த நாட்கள் கழியும் என்பது நகலின் பின்பக்கத்தில் இருக்கிறது. நகல் பிரிவு அங்கே வரிசையாகத் தேதிகள் போடும்: மனு கொடுத்த நாள், நகல் எடுக்க முத்திரைத்தாள் கேட்ட நாள், அதை நீங்கள் கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தீர்ப்பு மார்ச் 3. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30-ஆம் நாள் ஏப்ரல் 2. நகல் மனு மார்ச் 10-ல் போட்டு, 17-ல் தாள் கேட்டு, 18-ல் கட்டி, 26-ல் நகல் தயார் என்றால், 10 முதல் 26 வரை 17 நாள் கழியும். கடைசி நாள் ஏப்ரல் 19 ஆகிறது. இதிலேயே தாள் கேட்டது 17-ல் என்றும் நீங்கள் கட்டியது 24-ல் என்றும் வையுங்கள். இடையில் சும்மா இருந்த நாட்கள் உங்கள் கணக்கில் விழும். அதேபோல் 26-ல் தயாரான நகலை ஏப்ரல் 10-ல் போய் வாங்கினால், அந்த இரண்டு வாரமும் கழியாது. நகல் மனுவையே 30 நாள் முடிந்த பிறகு போட்டால் கழிக்க ஒன்றுமே இல்லை.

முத்திரைத்தாள் கேட்ட விவரம் நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். வீட்டுக்குக் கடிதம் வராது. ஆப்பிலும் இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வக்கீல் குமாஸ்தாவோ நீங்களோ தினமும் அந்தப் பலகையைப் பார்க்க வேண்டும். விசைப்படகுக்காரர் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போனால் மீதி நாளில் இதற்கு இடம் உண்டு. ஆனால் கோர்ட் வேலை நாளும் படகு சும்மா இருக்கும் நாளும் எப்போதும் ஒத்துவராது. ஆகவே வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தீர்ப்பு நகல், தீர்ப்பாணை நகல் இரண்டுக்கும் ஒரே நாளில் மனுப் போடுங்கள். இப்போதைய கட்டளை 41 விதி 1 தீர்ப்பு நகலோடு அப்பீல் போட வழிவிட்டாலும், ஸ்டே (தடை உத்தரவு) கேட்கும்போதும் பரிசோதனையின்போதும் தீர்ப்பாணை இல்லாமல் கட்டு திரும்பி வருவதைத் தவிர்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் ஆள் இருப்பார், பணம் இருக்காது. அதே காலத்தில்தான் கோர்ட்டின் கோடை விடுமுறையும் வரும். விடுமுறைக்குள் கெடு முடிந்தால் திறக்கும் முதல் நாள் தாக்கல் செய்யலாம். அந்த ஒரு நாளையும் தவறவிட்டால் விடுமுறை முழுதும் தாமதமாகவே எண்ணப்படும்.

இதற்கெல்லாம் முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இதில் ஆப் வாய் திறக்காது, வக்கீல்தான் சொல்ல வேண்டும். உண்மையிலேயே அப்பீல்தான் போட வேண்டுமா?

சம்மனே கிடைக்கவில்லை, ஆஜராக முடியவில்லை என்ற நிலையில் தீர்ப்பானால் கட்டளை 37 விதி 4 இருக்கிறது. தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்டில், ‘விசேஷ சூழ்நிலை’ இருந்தது என்று காட்டித் தீர்ப்பாணையை ரத்து செய்யக் கேட்கலாம். சாதாரண எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கும் கட்டளை 9 விதி 13 இங்கே பொருந்தாது. 2003-ல் ரஜ்னி குமார் எதிர் சுரேஷ் குமார் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதோடு இன்னொன்றும் சொன்னது. வர முடியாததற்கான காரணம் மட்டும் போதாது, எதிர்வாதம் செய்ய அனுமதி கிடைக்கக்கூடிய அளவுக்கு உங்கள் தரப்பு உண்மைகளையும் அந்த மனுவிலேயே வைக்க வேண்டும். ‘கடலில் இருந்தேன், சம்மன் தெரியாது’ என்று ஒரு பக்கத்தில் முடித்த மனுக்கள் தோற்பது இதனால்தான். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு மீனில் கழிந்தது, எந்தத் தேதியில் வங்கியில் போட்டோம், தாளில் எந்தப் பகுதி வெற்றாக இருந்தது என்பது எல்லாம் அதில் வர வேண்டும்.

கடலில் இருந்ததற்கான சான்று இந்தக் கரையில் கிடைக்கக்கூடியதே. மீன்வளத்துறை தரும் கடலுக்குப் போகும் டோக்கனில் தேதியும் படகு எண்ணும் இருக்கும். சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா ‘நேரில் சார்பு செய்தேன்’ என்று எழுதிய நாளில் உங்கள் படகு டோக்கன் வாங்கிப் போயிருந்தால், அந்த அறிக்கையை அது நேரடியாக அசைக்கும். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு அங்கே காவலில் இருந்தவர்களுக்கு மீன்வளத்துறையின் கடிதமும் திரும்பி வந்த ஆவணமும் அதைவிட வலுவான சான்று. ஆனால் டோக்கன் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. ஆள் இல்லாதபோது வீட்டிலிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம், ஆணோ பெண்ணோ, சம்மனைக் கொடுக்கலாம் என்று கட்டளை 5 விதி 15 சொல்கிறது. மனைவியோ அம்மாவோ வாங்கிக் கையெழுத்திட்டிருந்தால் ‘நான் கடலில்’ என்ற வாதம் மெலிந்துவிடும். அப்போது, நியாயமான காலத்துக்குள் ஆள் திரும்பி வரமாட்டார் என்ற நிலை இருந்ததா, அமீனா அதைப் பதிந்தாரா என்றுதான் வாதாட வேண்டும். வாய்தா வரலாற்றில் சார்பு எப்படி நடந்ததாகப் பதிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அமீனா அறிக்கைக்கும் நகல் மனுப் போடுங்கள்.

அனுமதி மனுப் போட்டு, வாதாடி, அது தள்ளுபடியாகித் தீர்ப்பானது என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96-ஆம் பிரிவு அப்பீல்தான் வழி. அனுமதி மறுத்த உத்தரவுக்கு மட்டும் தனி அப்பீல் கட்டளை 43-ன் பட்டியலில் இல்லை. தீர்ப்பாணை மீது அப்பீல் போட்டு, 105-ஆம் பிரிவின்படி அந்த உத்தரவின் பிழையையும் ஒரு காரணமாக வைக்க வேண்டும். ‘இவ்வளவு பணம் கட்டினால் அனுமதி’ என்று நிபந்தனை மட்டும் போட்டிருந்து இன்னும் தீர்ப்பாகவில்லை என்றால், அரசியல் சாசனம் 227-ன் கீழ் மதுரைக் கிளையில் சீராய்வு மனு. இரு தரப்பும் சம்மதித்த தீர்ப்பாணைக்கு அப்பீலே கிடையாது. லோக் அதாலத்தில் முடித்ததற்கும் கிடையாது. கடற்கரையோரக் குடிசை மனையிலிருந்து வெளியேற்றப்பட்டதற்காகக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-ஆம் பிரிவில் நடக்கும் வழக்கும் சுருக்கமானதே. அதிலும் அப்பீல் இல்லை, உரிமையை நிலைநாட்டத் தனி வழக்குப் போட வேண்டும்.

நண்டு, இறால் கம்பெனிகளின் பெரிய கணக்கு என்றால் இன்னொரு சட்டம் குறுக்கே வரும். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகளுக்கு வணிக நீதிமன்றச் சட்டம் 2015 பொருந்தும். அதில் கட்டளை 13-ஏ என்ற தனியான சுருக்கத் தீர்ப்பு முறை இருக்கிறது. எதிர்த்தரப்பு வெல்ல உண்மையான வாய்ப்பே இல்லை, வாய்மொழிச் சாட்சியம் பதியும்வரை காத்திருக்க வேறு காரணமும் இல்லை என்றால் கோர்ட் தீர்த்துவிடலாம். அப்பீலுக்கு 60 நாள். தாமதத்தைப் பொறுப்பதில் அங்கே கண்டிப்பு அதிகம். 2021-ல் போர்ஸ் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறு தாமதத்தை மட்டும், அதுவும் விதிவிலக்காக மட்டுமே பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

இனி அப்பீல் காரணங்கள். சட்ட உதவி வக்கீல் நல்லவரா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. ‘கீழ்க்கோர்ட் தீர்ப்பு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் முரணானது’ என்ற அச்சடித்த வரிகள் மட்டும் உள்ள அப்பீல் மெமோ என்றால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். சுருக்கமுறைத் தீர்ப்பில் சாட்சியமே இல்லை, அதற்கு முரணாக என்ன இருக்க முடியும்? கேட்க வேண்டியவை வேறு. வழக்கு கட்டளை 37-க்குள் வருகிறதா? புரோநோட்டு, ஹுண்டி எனும் உண்டியல், எழுத்து ஒப்பந்தத்தில் நிர்ணயித்த தொகை போன்றவையே உள்ளே வரும். ஏஜென்ட் தன் நோட்டில் எழுதிக்கொண்ட மீன் கணக்கின் பாக்கியும் நஷ்ட ஈடும் வராது. கட்டளை 37-ன் கீழ் தாக்கல் என்று பிராதில் சொல்லி, வழக்கு எண்ணுக்குக் கீழே அதைக் குறித்தார்களா? விதிக்குள் வராத வேறு நிவாரணத்தையும் சேர்த்துக் கேட்டார்களா? தீர்ப்புக்கான சம்மன், நீங்கள் ஆஜராகிக் கொடுத்த முகவரிக்குத்தான் போனதா?

எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் வாக்குமூலத்தில் விசாரிக்க வேண்டிய பிரச்சினை இருந்ததா? 2016-ல் ஐ.டி.பி.ஐ. டிரஸ்டிஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் வகுத்தது. கணிசமான எதிர்வாதம் என்றால் நிபந்தனையில்லாத அனுமதி. நியாயமான பிரச்சினை எழுந்தாலும் சாதாரணமாக நிபந்தனையில்லாத அனுமதியே. எதிர்வாதத்தில் சந்தேகம் இருந்தால் நிபந்தனை போடலாம். பொருளே இல்லாத வாதம் என்றால்தான் மறுக்கலாம். வாதி கேட்டதில் ஒரு பகுதியை நீங்களே ஒப்புக்கொண்டால் அந்தப் பகுதியைக் கட்டச் சொல்வார்கள். கீழ்க்கோர்ட் இந்தப் படிகளில் எதில் உங்களை நிறுத்தியது, ஏன் என்று சொன்னதா என்று மெமோவில் கேட்க வேண்டும். காரணமே எழுதாத தீர்ப்பு என்றால் கட்டளை 20 விதி 4-ஐ முன்வைக்கலாம். கையெழுத்தை ஒப்புக்கொண்டு ‘வெற்றுத் தாளில் போட்டேன்’ என்று மட்டும் சொல்வது பலவீனமானது. முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர், அதைப் பூர்த்தி செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தவராகிறார் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20-ஆம் பிரிவு சொல்கிறது. பணம் கைமாறவில்லை என்றோ மீனில் கழிந்தது என்றோ தாள்களோடு காட்டினால்தான் எடுபடும்.

அனுமதி மனுவில் இல்லாத புதுக் கதையை அப்பீலில் சொல்வது அநேகமாக வீண். புது ஆவணத்துக்குக் கட்டளை 41 விதி 27 மனு வேண்டும், முன்பே ஏன் தரவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் வேண்டும். அப்பீலில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வெற்றி, தீர்ப்பு ரத்தாகி எதிர்வாதம் செய்யும் அனுமதியோடு வழக்கு கீழே திரும்புவது. கடனே இல்லை என்று மேல்கோர்ட் சொல்லிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

பணக் கணக்கு. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 2017-க்குப் பிறகு மதிப்புவாரிக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. அப்பீலுக்கும் அதே விகிதம். மதிப்பு எது என்பதில் தவறு நடக்கும். பிராதில் கேட்டது 4 லட்சம், வழக்கு நடந்த காலத்து வட்டி தீர்ப்பு நாள்வரை 36,000 என்றால், அந்த வட்டியும் சேர்ந்து 4,36,000-க்கு 13,080 ரூபாய் கட்ட வேண்டும். செலவுத் தொகை இதில் சேராது. வட்டியை விட்டுவிட்டு 12,000 மட்டும் கட்டினால் கட்டு ரிட்டனாகும். ரிட்டனில் குறித்த நாளுக்குள் சரிசெய்து திரும்பப் போடாவிட்டால் அதற்கும் ஒரு தாமத மனு வேண்டும். மேல்கோர்ட் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பும்போது கட்டணத்தைத் திரும்பத் தர உத்தரவிடலாம், கேட்டு வாங்க வேண்டும். அப்பீல் நடக்கும்போதே சமரசமானாலும் அதே சட்டத்தின் 69-ஏ பிரிவில் கட்டணம் திரும்பும். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும் இது பொருந்தும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

கட்டணத்தை விடப் பெரிய தொகை ஸ்டேக்கு. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்புப் பணத்தை வசூலிக்கும் நிறைவேற்றம் நிற்காது. பணத் தீர்ப்பாணைக்கு எதிரான அப்பீலில் தகராறுத் தொகையைக் கட்டவோ ஜாமீன் காட்டவோ கோர்ட் கேட்கும். கட்டாவிட்டால் கட்டளை 41 விதி 5-ல் ஸ்டே கிடைக்காது. எவ்வளவு என்பது கோர்ட்டின் விருப்புரிமை. பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஸ்டே மனுவோடு கொண்டுபோனால் ரொக்கத்துக்குப் பதில் சொத்து ஜாமீன் கேட்டுப் பார்க்கலாம். படகும் வலையும் ஜப்தியாகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு கைவினைஞரின் கருவிகளுக்கும் விவசாயியின் உழவுக் கருவிகளுக்கும் விலக்கு தருகிறது. வள்ளமும் வலையும் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வாதாட இடமுண்டு, நம்பியிருக்க இடமில்லை. நகல் வரும்வரை ஆபத்து என்றால், அப்பீல் கெடு முடியாதவரை தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயே தற்காலிக ஸ்டே கேட்கலாம். இது பலருக்குத் தெரியாத நல்ல வழி. நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

சட்ட உதவியின் உண்மையான மதிப்பு இந்தச் செலவுகளில் தெரிகிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசு வைத்த வருமான வரம்பு பொருந்தும். வக்கீல் மட்டும் என்று நினைக்காதீர்கள். கோர்ட் கட்டணம், நகல் செலவு, தட்டச்சு, மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் சேரும். புரோநோட்டில் மனைவியும் கையெழுத்திட்டுப் பிரதிவாதியாக இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிப்பது எளிது. 15100 என்ற எண்ணில் கேட்டுவிட்டு, வட்டக் கோர்ட்டில் உள்ள குழுவிலோ ராமநாதபுரத்தில் மாவட்ட ஆணைக்குழுவிலோ மனுக் கொடுக்கலாம். மதுரைக் கிளைக்குப் போக வேண்டிய அப்பீல் என்றால் அங்கே உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு தனியாக இருக்கிறது. ராமநாதபுரத்தில் கொடுத்த மனு தானாக அங்கே போய் வக்கீல் அமர்ந்துவிடுவார் என்று இருக்காதீர்கள், பின்தொடருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம், தகுதிப் பரிசீலனை, வக்கீல் நியமனம் என்று நாட்கள் போகும். அந்த நாட்கள் காலவரையறையில் தானாகக் கழியாது. தாமத மனுவில் காரணமாகச் சொல்லலாம், ஏற்பது கோர்ட் கையில். அதனால் நகல் மனுவை நீங்களே முதலில் போட்டுவிட்டு, அதன் எண்ணை எழுதிக்கொண்டு சட்ட உதவிக்குப் போங்கள். போகும்போது சம்மன் இரண்டும், பிராது நகல், உங்கள் அனுமதி மனுவும் வாக்குமூலமும், ஆப்பிலிருந்து எடுத்த வாய்தா வரலாற்றின் பிரதி, பணம் கட்டிய ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். அமர்த்தப்பட்ட வக்கீல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை, ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். கட்டளை 37-ஐ அதிகம் நடத்தாத வக்கீலும் அமையக்கூடும். கட்டளை 37 விதி 4 மனுவா, 96-ஆம் பிரிவு அப்பீலா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பதிலில் தெளிவில்லை என்றால் அன்றே ஆணைக்குழுவில் சொல்லிவிடுங்கள்.

அப்பீல் பதிவாகி எண் பெற்றதும் அதற்குப் புது சி.என்.ஆர். வரும். பழைய எண்ணை மட்டும் ஆப்பில் சேமித்து வைத்துவிட்டு ‘ஒன்றும் நகரவில்லை’ என்று இருப்பவர்களின் அப்பீல்தான் ஆஜரின்மைக்காகத் தள்ளுபடியாகிறது. புது எண்ணைச் சேருங்கள். ஆப்பின் கேவியட் தேடலில் எதிர்த்தரப்பு பெயரையும் ஒருமுறை பாருங்கள். தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று அவர் முன்கூட்டியே மனு, அதாவது கேவியட், போட்டிருந்தால், அது 90 நாள் உயிரோடிருக்கும், அவருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் ஸ்டே மனு நகராது. நிறைவேற்று மனுவை எண்ணால் மட்டும் தேடாமல் உங்கள் பெயராலும் தேடுங்கள், அதற்கும் தனி எண்.

ஸ்டே உத்தரவு வாங்கிய அன்றே படகு பத்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். உத்தரவு கீழ்க்கோர்ட்டுக்குத் தெரிந்த நேரத்திலிருந்துதான் செல்லும். மேல்கோர்ட்டிலிருந்து தபால் வர நாளாகும், ஆப்பில் ஏறவும் நாளாகும். அதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஸ்டே ஆனது தனக்கு நேரில் தெரியும் என்று அப்பீல்தாரர் சத்தியம் செய்த பிரமாண வாக்குமூலத்தை, முறையான உத்தரவு வந்து சேரும்வரை கீழ்க்கோர்ட் ஏற்றுச் செயல்பட வேண்டும் என்று கட்டளை 41 விதி 5-ன் விளக்கம் சொல்கிறது. ஆகவே ஸ்டே மனு விசாரணைக்கு வரும் நாளில் கடலுக்குப் போகாமல் நேரில் இருங்கள். உத்தரவு ஆனதும் வாக்குமூலத்தைத் தயார் செய்து, மறுநாள் காலை கோர்ட் உட்காரும் முன்பே நிறைவேற்று மனு இருக்கும் கோர்ட்டில் வக்கீல் மூலம் கொடுத்து, ஒரு பிரதியை அமீனா பிரிவிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.